மேபலுக்கான வரி

சிறை, கிழக்கு ஓரெகன்
ஜூன் 12, 2010

அன்பு அக்கா நெட்டாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? பள்ளிக்கூட அடுப்படியில் அந்தப் பெரிய பாத்திரங்களை நீயே தூக்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் தூக்கத்தான் போகிறாய். எனக்கு ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான்.

தேதி சொல்லிவிட்டார்கள். நவம்பர் நாலு. பதினெட்டு மாதத்தில் பதின்மூன்றைத் தள்ளிவிட்டேன். போன் பண்ணவில்லை என்று வருத்தப்படாதே. பின்னால் பத்துப் பேர் நின்று காது கொடுத்துக் கேட்கும்போது எனக்குப் பேச்சு வராது.

மேபல் எப்படி இருக்கிறாள்? பின்னங்காலை இன்னும் இழுத்துக்கொண்டுதான் நடக்கிறாளா? கோபித்துக்கொள்ளாதே அக்கா. வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு எனக்காக என் வீட்டில் வந்து கிடக்கிறாய், அது எனக்கு மறக்காது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் நினைப்பு அவள்மேல்தான் போகிறது. என் மனைவி போகும்போது சோபாவைக்கூட விடவில்லை, நாயை விட்டுப்போனாள். மேபல் மட்டும் இல்லாவிட்டால் இதற்குள் நான் இங்கே ஏதாவது பண்ணிக்கொண்டிருப்பேன். சும்மா சொல்லவில்லை.

ஒரு உதவி வேண்டும். பின்வேலியில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி ஏறியிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் பூ பழுத்துவிடும். வருஷா வருஷம் நான் காய்ச்சும் கறுப்பு பீரை இந்தத் தடவை நீ காய்ச்ச வேண்டும். பார்க்கக் கடுங்காப்பி, ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் பைன் மரமும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும், ஞாபகம் இருக்கிறதா? நான் குடிக்கப் போவதில்லை. வெளியே வந்தும் இரண்டு வருஷம் தொடக் கூடாதென்று நிபந்தனை. பின்வாசல் படியில் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்துக்கொண்டு, பக்கத்தில் மேபலும் நானும் உட்கார்ந்து மோந்து பார்த்தால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரன் பக்கம் திரும்ப மாட்டேன் என்று நீதிபதியிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். ஆனால் அவன் மறுபடி மேபல்மேல் கை வைத்தால் நான் எதற்கும் பொறுப்பில்லை.

உன் தம்பி,
ராய்ஸ்


ஜூன் 27, 2010

தம்பி ராய்ஸுக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. பல்லைக் காட்டச் சொல்லி டாக்டருக்கு எழுதிப் போடு. நீயே நூல் கட்டி இழுத்துக்கொள்கிற ஆள்.

மேபல் உன் பழைய பூட்ஸின்மேல் தலையை வைத்துத் தூங்குகிறாள். கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் அணில் கண்ணில் பட்டால் நாலு காலும் சரியாகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் என்கிறாய். வெண்டல் என்று அவருக்குப் பெயர் இருக்கிறது. கோழியைத் துரத்தினாள் என்று அவர் மேபலைச் சுட்டது தப்புதான். அதற்காக நீ மண்வெட்டிக் காம்பால் அவர் தாடையை உடைத்தது அதைவிடப் பெரிய தப்பு. போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மா நெட்டா, நாய்க்குக் கால் பரவாயில்லையா?"

"உங்களுக்குத் தாடை பரவாயில்லையா?"

"சூப்பு குடிக்கிறதுக்குத் தாடை எதுக்கு?"

சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாகப் போகிறது, பாவம்.

பீர் காய்ச்ச எனக்கு என்ன தெரியும்? நான் டீயையே சரியாகப் போட மாட்டேன் என்று நீதானே சொல்வாய். சரி, எழுதி அனுப்பு, செய்கிறேன். நீ வந்து அந்தப் படியில் உட்கார்ந்தால் போதும் எனக்கு.

அக்கா,
நெட்டா


ஜூலை 18, 2010

அன்பு அக்காவுக்கு,

பல் விழுந்துவிட்டது, நூல் கட்டவில்லை. நீ சாப்பிடுகிறாயா, இல்லை பள்ளிக்கூடத்து உருளைக்கிழங்கிலேயே ஓட்டுகிறாயா?

டவுனில் பீர் சாமான் கடைக்குப் போ. முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி பன்னிரண்டு பவுண்டு. கேரமல் நிறத்துக்கு வறுத்தது ஒரு பவுண்டு. கருக வறுத்தது முக்கால் பவுண்டு, அதை மட்டும் உமி நீக்கியதாகக் கேட்டு வாங்கு. உமியோடு வாங்கினால் கரிக்கட்டையைக் கடித்த மாதிரி இருக்கும். கருக்கியதை மற்றதோடு சேர்க்காதே, தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஒரு முழு நாள் ஊறப்போட்டு வடித்து எடு. நமக்கு அதன் நிறம் மட்டும் போதும். கசப்பு ஹாப்ஸின் வேலை.

மற்ற பார்லியை உடைத்து, நூற்றைம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு, பாத்திரத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிடு. அந்த வாசனைக்கு மேபல் வந்து காலடியில் நிற்பாள். வடித்த பார்லிச் சக்கையில் ஒரு கைப்பிடி கொடு, அவளுக்கு அன்றைக்குக் கிறிஸ்துமஸ்.

காகிதம் தீர்ந்தது. ஹாப்ஸை எப்போது போடுவது, எப்படி வடிப்பது, பிறகு என்ன செய்வது எல்லாம் அடுத்த கடிதத்தில். வேலை எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில்தான் எனக்கு எழுத வரும், உனக்குத் தெரியாததா?

ராய்ஸ்


ஆகஸ்ட் 6, 2010

அக்காவுக்கு,

நலம்தான், எரிச்சலில் இருக்கிறேன். இரண்டாவது கடிதம் உனக்கு வராது. தபால் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏம்பா, சாராயம் காய்ச்ச வழி சொல்லிக் குடுக்கிறியா?"

"பீருங்க, எங்க அக்காவுக்கு."

"உங்க பாட்டனுக்கா இருந்தாலும் கூடாது. போன கடுதாசி எப்படித் தப்பிச்சுதுன்னே தெரியல."

நாலு பக்கம் எழுதியிருந்தேன். என் கண்ணெதிரிலேயே கிழித்துக் குப்பையில் போட்டான். இன்னொரு தடவை எழுதினால் தேதி தள்ளிப்போகுமாம். மீதியைக் கடைக்காரனைக் கேட்டுக்கொள். கோபத்தில் இதற்குமேல் எழுத ஓடவில்லை. மேபலைத் தட்டிக்கொடு.

ராய்ஸ்


(அனுப்பாத கடிதம்)
செப்டம்பர் 4, 2010

தம்பி ராய்ஸுக்கு,

இன்றைக்குக் கோபமெல்லாம் ஓடிப்போகிற மாதிரி ஒரு செய்தி. காய்ச்சிவிட்டேன்! கடைக்காரர் ஹாப்ஸ் போடும் நேரத்தையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பூவைப் பறிக்க ஏணி கொடுத்தது யார் தெரியுமா? வெண்டல். கொடுத்ததோடு விடவில்லை, அந்தப் பக்கத்துப் பூவையெல்லாம் அவரே பறித்துப் போட்டார். நீ திட்டுவாய், திட்டிக்கொள். கையெல்லாம் பிசினும் மஞ்சள் தூளுமாக இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி நின்றோம்.

கொதி அடங்கியதும் வடிகட்டினேன். பார்லிச் சக்கை மேபலுக்குப் பிடிக்கும் என்றாயே, பாதி வாளி தின்றாள். வெந்த ஹாப்ஸை ரோஜாவுக்கு உரமாகட்டும் என்று வேலியோரக் குழியில் கொட்டினேன். அதையும் போய் மூக்கை விட்டு மோந்துகொண்டிருந்தாள். இனிப்பு ஒட்டியிருக்கும் இல்லையா, விடுவாளா?

இப்போது இங்கே என் காலடியில்தான் இருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. இன்றைக்கு வெயிலும் அதிகம். படுக்கிறாள், எழுகிறாள். தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. இரு, பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

ராய்ஸ், மேபல் போய்விட்டாள்.

உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. நான் கத்தியதைக் கேட்டு வெண்டல் ஓடிவந்தார். அவர் வீட்டுப் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் துண்டில் கட்டி அவள்மேல் வைத்துக்கொண்டு, அவர் வண்டியிலேயே மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாராவது பீர் காய்ச்சினீங்களா?" நூற்றெட்டு டிகிரி. ஹாப்ஸ் நாய்க்கு விஷமாம். பார்லி ஒன்றும் செய்யாதாம், ஹாப்ஸ் மட்டும்தானாம். எனக்கு யார் சொன்னார்கள்? மேசையின்மேல் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாப்ஸ் கொடியடியில் வெண்டல்தான் குழி வெட்டினார். மண்ணை மூடும்போது அந்தக் கோணல் வாயை வைத்துக்கொண்டு அழுதார்.

இதை எப்படி உனக்கு அனுப்புவேன்? அவள் இல்லாவிட்டால் ஏதாவது பண்ணிக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் இரண்டு மாதம் அந்தச் சுவருக்குள் நீ தனியாக இருக்க வேண்டும். செத்தாள் என்று மட்டும் எழுதினால் வெண்டல்தான் என்று நினைப்பாய். நீ வரும் நாளில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்கிறேன். வெண்டலிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். "ராய்ஸிடம் நான்தான் சொல்வேன், நீங்க வாயே திறக்கக் கூடாது." "சரிம்மா" என்றார்.


செப்டம்பர் 12, 2010

தம்பி ராய்ஸுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். மேபலும் நலம்.

பீர் காய்ச்சியாகிவிட்டது. அலமாரிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். வேறு விசேஷமில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் வேலை ஜாஸ்தி.

அக்கா,
நெட்டா


செப்டம்பர் 27, 2010

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லையே, உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

நேற்று மதியம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கிழித்துப் போட்டானே அந்தக் கடிதம், அதன் கடைசிப் பக்கத்தில் மேபலுக்காக ஒரு வரி எழுதியிருந்தேன். வெந்த ஹாப்ஸை அவள் வாய் எட்டாத இடத்தில் புதைக்கவேண்டும், ஒரு வாய் தின்றாலும் நாய் பிழைக்காது என்று. காய்ச்சி முடித்தபிறகுதானே கொட்டுவோம், அதனால் கடைசியில் எழுதினேன். பீர் போச்சே என்கிற கோபத்தில் அந்த ஒரு வரியைத் தனியாக எழுதி அனுப்பத் தோன்றவில்லை, பார். நானெல்லாம் ஒரு மனுஷன்!

பிறகு உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பீர் காய்ச்சியாகிவிட்டது, மேபலும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சின்னக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? ஹாப்ஸ் தின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் அக்கா.

அவள் போட்டோ ஒன்று அனுப்பு.

ராய்ஸ்


அக்டோபர் 7, 2010

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புதான். உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

போட்டோ ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் எடுத்தது, புதிதாக எடுக்கக் கேமரா சரியில்லை. பீரைப் புட்டிகளில் அடைத்துவிட்டேன். மேபல் இப்போதெல்லாம் நாள் முழுக்க ஹாப்ஸ் கொடியடியில்தான் இருக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. வெண்டல் நீ நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. இந்த வருஷம் அவர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. வந்ததும் அவரோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசு, எனக்காக.

நெட்டா


அக்டோபர் 15, 2010

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், அதனால்தான் சொல்கிறேன். அவனை வேலிக்கு இந்தப் பக்கம் விடாதே. துப்பாக்கியைத் தூக்கினவன் இன்றைக்குத் தேன் ஒழுகப் பேசுகிறான் என்றால் காரணம் இல்லாமலா? மேபலைத் தனியாக வெளியே விடாதே. கொடியடியில் நாள் முழுக்கக் கிடக்கிறாள் என்கிறாயே, அது அவன் வேலிதான். ஏதாவது தூக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும்?

போட்டோவைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இங்கே ஒருவன், "உன் பொண்டாட்டியா?" என்றான். "அதுக்கும் மேல" என்றேன்.

இன்னும் இருபது நாள்.

ராய்ஸ்


("ஆள் விடுதலை" என்ற முத்திரையோடு திரும்பி வந்த கடிதம்)
அக்டோபர் 24, 2010

ராய்ஸ்,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்ல நினைத்தேன், அதற்குள் நீயே ஒரு கதையை மனதில் கட்டிக்கொண்டு வருகிறாய்.

மேபல் இல்லை. செப்டம்பர் நாலாம் தேதியே போய்விட்டாள். ஹாப்ஸ்தான். உன் வரி எனக்கு வரவில்லை. சக்கையை அவளுக்குக் கொடுக்கச் சொன்னாயே, இதுவும் சக்கைதானே என்று நினைத்துக் குழியில் கொட்டினேன். கொட்டியது இந்தக் கைதான்.

நலம் என்று எழுதியது பொய். ஒரு பொய்க்கு அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. வெண்டல் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவர் வண்டியின் இருக்கையில் அவள் முடி இன்னும் ஒட்டியிருக்கிறது, தட்டிவிட மாட்டேன் என்கிறார். என்னை என்ன வேண்டுமானாலும் செய். வீட்டை விட்டுப் போ என்றாலும் போகிறேன். அவரை மட்டும் ஒன்றும் சொல்லாதே.

அக்கா


மாவட்டச் சிறை
அக்டோபர் 29, 2010

அக்காவுக்கு,

பயந்துபோயிருப்பாய். எனக்கு அடி ஒன்றுமில்லை. பார்க்க வராதே, உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

உள்ளே இடம் போதவில்லை என்று ஒன்பது நாள் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். சொல்லாமல் வந்து உன்னையும் மேபலையும் திகைக்கவைக்கலாம் என்று பஸ்ஸில் வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். படியிலிருந்து கூப்பிட்டேன். பூட்ஸ் இருந்தது. அவள் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது, உள்ளே சிலந்தி வலை.

பின்னால் போனேன். கொடியடியில் மண்மேடு. அதன் பக்கத்தில் மண்வெட்டியோடு அவன் நின்றான்.

"என் நாய் எங்கடா?"

"ராய்ஸ், இருப்பா. அக்கா வரட்டும், அவ சொல்லுவா."

"நீ சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுப்பா. அவ வாயால கேட்டுக்க."

இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதையேதான் சொன்னான். அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினது ஞாபகம் இருக்கிறது.

கண் திறக்கவில்லையாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். அவன் என்னத்தைப் போட்டுக் கொன்றான் என்று மட்டும் எனக்கு எழுது. நான் மறுபடி ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்து அவனைக் காப்பாற்ற நலம், நலம் என்று எழுதினாய், புரிகிறது. உன்மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை அக்கா. நீ என்ன தப்பு செய்தாய்?

தம்பி,
ராய்ஸ்


நவம்பர் 4, 2010

ராய்ஸ்,

உடம்பு எப்படி என்று கேட்காமல் தொடங்குகிறேன். நீ வரிசைப்படி எழுதுகிறவன். நான் கடைசியில் வரவேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். மேபலைக் கொன்றது வெண்டல் இல்லை, நான்.

இத்துடன் ஒரு உறை இருக்கிறது. அது நீ கிளம்பியபிறகு அங்கே வந்து, ஆள் இல்லை என்று என்னிடமே திரும்பி வந்தது. பிரித்துப் படி. செப்டம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்துக்கொண்டதும் அதனுள்ளேயே இருக்கிறது. அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அதில் இருக்கிறது.

அன்றைக்கு அவர் மண்வெட்டியோடு நின்றது மேட்டைச் சுற்றிக் கல் பதிப்பதற்காக. மழை பிடித்துவிட்டது, மண் கரைந்துபோகும், ராய்ஸ் வந்து பார்க்கும்போது ஒழுங்காக இருக்கட்டும் என்றார். பாதிதான் பதித்திருந்தார்.

நேற்று முன்தினம் காலையில் இறந்துவிட்டார். கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் மகள் வந்திருக்கிறாள். "எங்கப்பா உங்க தம்பிய என்ன பண்ணினாரு?" என்று கேட்கிறாள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். ஒரு வார்த்தையை நான் செப்டம்பரிலேயே எழுதியிருந்தால் போதும். நீயும் ஆகஸ்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இரண்டு பேரும் கோபத்தையும் பயத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நீ வந்ததும் மூன்று பேருமாக ஒரு புட்டி திறக்கலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்குத்தானே நீ வருவதாக இருந்தது. நீ சொன்ன மாதிரி ஒரு கிளாஸில் ஊற்றிப் பின்வாசல் படியில் வைத்தேன். நல்ல கறுப்பு. பைன் மணம் இருக்கிறது, ஆரஞ்சுத் தோல் மணமும் இருக்கிறது. கரிச்சுவையே இல்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது, ராய்ஸ்.

நெட்டா